ஓமக் கஷாயம் குடியை மறக்கடிக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஓமத்தின் செரிமானக் குணங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயிற்றைப் பற்றியவையாக இல்லை. ஓமம், கிராம்பு, சாதிக்காய் போன்ற அஞ்சறைப்பெட்டிச் சரக்குகளைக் கொண்டு குடியையும் புகையையும் விட முடியுமா என்றே பலரும் கேட்டிருந்தார்கள். அவற்றில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்தில் ஓர் உயிருக்கு ஆபத்து இருப்பதாக எனக்குப் படுவதால், அதற்கு மற்றவற்றைவிட மிக நீண்ட பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, என் கணவருக்கு வயது 51. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் குடிக்கிறார். இப்போது ஒவ்வொரு மாலையும் அரைப் போத்தல் விஸ்கி ஆகிறது. காலையில் கை நடுங்குவதால், ஒரு மிடறு குடித்தால்தான் சட்டைப் பொத்தானைப் போட முடிகிறது. வரும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, விரதம் தொடங்கும் நாளிலிருந்து ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று எங்கள் மகள் தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார். தஞ்சாவூரில் இருக்கும் என் மாமியார், அரைக் கிலோ ஓமத்தை எட்டு லிட்டர் தண்ணீரில் போட்டு, இரண்டு லிட்டராக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டி வைத்துக்கொண்டு, குடிக்கும் எண்ணம் வரும்போதெல்லாம் ஒரு தம்ளர் கொடுத்தால் ஒரு மாதத்தில் குடி மறந்துபோகும் என்கிறார். தேக்காவில் ஓமம் வாங்கி வைத்துவிட்டேன். எந்த அளவில், எத்தனை வேளை கொடுக்க வேண்டும்?
— ஒரு வாசகி, ஈசூன்

பதில்: சகோதரி, ஓமத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் விரதத்தின் முதல் நான்கு நாள்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது காலையில் நடுங்கும் அந்தக் கைதான்.

மது உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது என்றால், உங்கள் கணவரின் உடல் மதுவைச் சார்ந்தே இயங்கப் பழகிவிட்டது என்று பொருள். மது மூளையின் செயல்பாட்டை மந்தப்படுத்தும். அது ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும்போது, அந்த மந்தத்தை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. ஒருநாள் மது திடீரென நின்றுபோனால், கூட்டிவைத்த கிளர்ச்சி மட்டும் தடுப்பாரின்றி எஞ்சி நிற்கிறது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகளும் ஆள்களும் கண்ணுக்குத் தெரிய, காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் சேர்ந்துகொள்ளும். டெலிரியம் டிரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் கடைசி நிலை, சிகிச்சையின்றி விடப்பட்டால் உயிரைப் பறிக்கக்கூடியது. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்து, காலை நடுக்கத்தை மதுவாலேயே அடக்கிவந்த ஒருவர் அந்த நிலைக்குப் போகக்கூடியவர்களில் ஒருவர்.

விரதக் காலம் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாலை போட்டுக்கொண்ட ஒருவர் உடல் நடுங்குவதையும் தனக்குத்தானே பேசுவதையும் பார்க்கும் வீட்டார், அருள் வந்திருப்பதாக எண்ணிக் கற்பூரம் ஏற்றி வணங்கிக்கொண்டிருந்தால், அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் கைநழுவிவிடும். பக்தியைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. நம் குடும்பங்களில் குடியை விடத் தூண்டிய சக்திகளில் முருகன் மீதுள்ள பக்திக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. அந்தப் பக்தி முழுப் பலனைத் தர வேண்டும் என்பதற்காகவே, விரதம் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாக அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்கிறேன்.

அக்கம்பக்கத்து மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ போய், உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதை அப்படியே சொல்லுங்கள்: எவ்வளவு குடிக்கிறார், எத்தனை ஆண்டுகளாக, காலை நடுக்கம், முன்பு நிறுத்திப் பார்த்தபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்ததுண்டா என்பவை அவர்களுக்குத் தெரிய வேண்டும். அளவைக் குறைத்துச் சொல்வது இங்கே மரியாதையைக் காப்பாற்றாது. தவறான சிகிச்சைக்கே வழிவிடும். சிங்கப்பூரின் புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் வளாகத்தில் தேசியப் போதைப்பழக்க நிர்வாகச் சேவை இயங்குகிறது. அதன் உதவி எண் 6732 6837. மனநலக் கழகம் என்ற பெயரைக் கேட்டதும் உறவினர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறவர்கள் நம்மில் பலர் என்பதை அறிவேன். அந்தத் தயக்கத்தால் தள்ளிப்போடப்படும் ஒவ்வொரு மாதமும் கல்லீரலின் கணக்கில் ஏறுகிறது. தேவைப்பட்டால் சில நாள் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து நிறுத்துவார்கள். நெடுநாள் குடித்தவர்களுக்குத் தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைந்திருப்பது வழக்கம் என்பதால் அதையும் கொடுப்பார்கள். அது குறைந்தால் மூளைக்கு நிலையான பாதிப்பு ஏற்படக்கூடும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை அவர் திடீரென நிறுத்த வேண்டாம். நீங்களும் போத்தலை ஒளித்துவைக்க வேண்டாம். ஒரு மனைவிக்கு இப்படி எழுதுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதுவே பாதுகாப்பானது. இந்தக் கடிதம் அச்சாவதற்குள் அவர் நிறுத்தியிருந்து, வலிப்பு, குழப்பம், இல்லாததைக் காண்பது, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள்.

இனி ஓமத்துக்கு வருகிறேன். சீரகம், சோம்பு, கொத்தமல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சிறு விதைக்கு நம் மருத்துவத்தில் நீண்ட வரலாறு உண்டு. சித்த மருத்துவத்தின் குணபாடச் செய்யுள் ஓமத்தால் தீரும் நோய்களாகச் சீதசுரம், இருமல், செரியாமை, பொருமல், பேதி, பல்நோய், மூலம் போன்றவற்றைச் சொல்கிறது. குடிவேட்கை அந்தப் பட்டியலில் இல்லை. அரைக் கிலோ ஓமம், எட்டு லிட்டர் நீர் என்ற இந்த முறை, வீட்டு வைத்தியக் குறிப்புகள் வழியாகப் பரவி, இப்போது வாட்ஸ்அப் வழியாக ஊரிலிருந்து சிங்கப்பூர்வரை வந்து சேர்ந்திருக்கிறது. முன்னோர் சொன்னது என்ற முத்திரையோடு வருவதாலேயே ஒரு குறிப்பை முன்னோர் சொன்னதாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதை, சித்த மருத்துவத்தின் மீது மதிப்புக் கொண்டவளாகவே சொல்கிறேன். இன்றைய மருத்துவத்தில் மது சார்புநிலைக்கு வகுக்கப்பட்டுள்ள சிகிச்சை முறைகளிலும் ஓமம் இடம்பெறவில்லை.

ஓமத்தின் காரமான மணத்துக்கும் மருந்துக் குணத்துக்கும் காரணம் அதிலுள்ள தைமால் என்னும் பொருள். விதையின் எடையில் சுமார் 2 முதல் 4 விழுக்காடு ஆவியாகும் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு முதல் பாதிக்கு மேல்வரை தைமால் இருக்கும். ஆகவே உங்கள் அரைக் கிலோவில் 10 முதல் 20 கிராம் எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணெயை விதையிலிருந்து பிரிக்க ஆலைகள் கையாளும் வழியே நீராவியை விதைக்குள் செலுத்துவதுதான். நம் ஓமத் திராவகமும் அப்படி எழுந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்ததே. எட்டு லிட்டரை இரண்டு லிட்டராக வற்றவைக்கும்போது ஆறு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. அதனோடு, எதை நாடி ஓமம் வாங்கினீர்களோ அந்த எண்ணெயின் பெரும்பகுதியும் வெளியேறுகிறது. அடுத்த புளோக் வரை ஓமம் மணக்கும்; பாத்திரத்தில் கசப்பும் நிறமும் மிஞ்சும்.

அதுவும் ஒருவகையில் நல்லதற்கே என்று சொல்ல வைக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெறுங்காலோடு மண்ணில் உழைத்தவர்களை வாட்டிய கொக்கிப்புழு நோய்க்குத் தைமாலே முக்கிய மருந்தாக இருந்தது. முதல் உலகப் போருக்கு முன்பு இந்தியாவின் ஓம விதை கப்பல் கப்பலாக ஜெர்மனிக்குப் போய்த் தைமாலாக மாறியது. 1909இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் ஆணையம் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் பெரிதும் இந்த மருந்தையே நம்பியிருந்தது. அதைக் கொடுத்த மருத்துவர்கள் நோயாளிகளைக் கண்டிப்பாக எச்சரித்த ஒன்று, மருந்து உட்கொள்ளும் நாளில் மதுவும் எண்ணெய்ப் பண்டமும் கூடாது என்பதுதான். தைமால் தண்ணீரில் எளிதில் கரையாது. மதுவில் நன்றாகக் கரையும். மதுவோடு சேர்ந்தால் குடலில் தங்க வேண்டிய மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும் என்று அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். அவர்கள் கொடுத்த அளவு கிராம் கணக்கில் இருந்தது. உங்கள் தம்ளரில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஓம எண்ணெயையோ கடையில் ஓம உப்பு என்ற பெயரில் கிடைக்கும் தைமால் படிகத்தையோ அடர்த்தியாகக் கொடுக்க வேண்டாம் என்பதற்கு இந்த வரலாறே போதும்.

அப்படியென்றால் ஓமம் வீணா என்று கேட்பீர்கள். இல்லை. நெடுநாள் குடித்தவர்களின் வயிறு புண்பட்டு, பொருமலும் பசியின்மையும் ஏப்பமுமாக இருக்கும். குடியை விட்ட முதல் வாரங்களில் அது இன்னும் தொல்லை தரும். அந்த வயிற்றுக்கு மெல்லிய ஓமத் தண்ணீர் இதமளிக்கும். ஒரு தேக்கரண்டி ஓமத்தை இலேசாக வறுத்து, ஒன்றரைத் தம்ளர் தண்ணீரில் போட்டு, மூடிவைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடியில் படிந்த நீரையும் பாத்திரத்திலேயே வழித்துவிட்டு வடிகட்டுங்கள். மூடியைப் போட்டால்தான் எண்ணெய் நிற்கும். நாளுக்கு இருமுறை இந்த அளவு போதும். நீரிழிவு இருந்தால் பனங்கற்கண்டு சேர்க்க வேண்டாம். நெஞ்செரிச்சல் அதிகமானால் நிறுத்திவிடுங்கள். வாந்தியில் இரத்தமோ கறுத்த மலமோ கண்டால் அது ஓமத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓமக் கஷாயத்தால் குடியை விட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர்களில் பலர் உடல் மதுவைச் சார்ந்துபோகும் நிலையை எட்டாதவர்களாக இருந்திருப்பார்கள். வேட்கை என்பது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணிவது. அந்த நேரத்தில் கையில் பிடித்துக்கொள்ளச் சூடான, காரமான ஒரு தம்ளரும், அருகில் உட்கார்ந்து பேச ஒரு மனிதரும் இருந்தால் பலரால் அதைக் கடந்துவிட முடியும். உங்கள் மாமியார் சொல்லும் முறையில் ஒருவர் மணிக்கணக்கில் அடுப்படியில் நின்று காய்ச்ச வேண்டியிருக்கிறது. அப்படிக் காய்ச்சிக் கொடுக்கும் வீட்டில் குடிப்பவர் மீது அக்கறையும் இருக்கிறது. வேலை செய்தவற்றில் அந்த அக்கறைக்கும் பங்கு இருந்திருக்கும். ஆகவே மாமியாரிடம் மறுத்துப் பேச வேண்டாம். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, அவர் வழக்கமாகப் போத்தலைத் திறக்கும் நேரத்தில், ஓமத் தண்ணீரைக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். அது உண்மையும் ஆகும்.

மதுவேட்கையைக் குறைப்பதற்கென்றே நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்துவிட்டு எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். ஆலோசனை அமர்வுகளும், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் இங்கே நடக்கின்றன. பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில்வரை பால்குடம் ஏந்தி நடந்து முடித்த பிறகு வரும் வாரத்துக்கும் இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விரதம் நிறைவேறிவிட்டது, இனி ஒரு கிளாஸ் தவறில்லை என்று நண்பர்கள் அழைப்பது அப்போதுதான். அந்த வாரத்திலேயே மருத்துவருடனோ ஆலோசகருடனோ அடுத்த சந்திப்பு இருக்கும்படி தேதி வாங்குங்கள்.

இன்னும் ஒரு சொல். உடல் தேறட்டும் என்று அரிஷ்டமோ ஆசவமோ வாங்கிக் கொடுக்க வேண்டாம். புளிக்கவைத்துச் செய்யப்படும் அந்த மருந்துகளில் இயல்பாகவே மது உண்டு.

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 26. நாளுக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறேன். கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டால் புகைக்கும் ஆசை போய்விடும் என்று தாத்தா சொல்கிறார். மிளகை முகர்ந்தால் போதும் என்கிறார் அலுவலக நண்பர். எது சரி? பாக்கு மெல்லலாமா?
— ஒரு வாசகர், செங்காங்

பதில்: தம்பி, மூன்றில் உங்கள் நண்பர் சொன்னதற்கே ஆய்வுச் சான்று ஒன்று இருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஜெட் ரோஸ், ஃபிரெடெரிக் பெம் என்ற இரு ஆய்வாளர்கள், இரவு முழுதும் புகைக்காமலிருந்த 48 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு மிளகு எண்ணெயின் ஆவியையும், மற்றொன்று புதினா ஆவியையும், மூன்றாவது எதுவுமில்லாத வெற்றுக் குழலையும் உறிஞ்சியது. மிளகுக் குழுவினருக்கு வேட்கையும் பதற்றமும் குறைந்திருந்தன. புகை நெஞ்சில் இறங்கும்போது ஏற்படும் உறுத்தலை மிளகின் காரம் ஓரளவு ஒத்திருப்பதே காரணமாகலாம் என்று அவர்கள் கருதினார்கள். அது சில மணி நேரச் சோதனை மட்டுமே. ஆறு மாதம் கழித்தும் அவர்கள் புகைக்காமல் இருந்தார்களா என்பதை அது ஆராயவில்லை. மிளகைக் கொளுத்திப் புகையை இழுப்பது வேறு விஷயம்; அதைச் செய்ய வேண்டாம். காரமான மிளகு ரசத்தைச் சூடாகக் குடிப்பதில் தவறில்லை.

கிராம்பை எப்போதாவது ஒன்று வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம். அதிலுள்ள யூஜினால் நாக்கையும் ஈறையும் சற்று மரத்துப்போக வைத்து, வாய்க்கு ஒரு வேலையும் கொடுக்கிறது. நாள் முழுதும் அடக்கிவைத்தால் வாய் புண்ணாகும். கிராம்பு எண்ணெயை விழுங்கவே கூடாது, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிராம்பை அதிகம் உட்கொள்ளக் கூடாது. தாத்தாவிடம் ஒரு தகவலைச் சொல்லுங்கள். ஜாவாவின் கூடுஸ் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஹாஜி ஜம்ஹாரி என்பவர், தம் நெஞ்சு நோவுக்குக் கிராம்பு எண்ணெய் தடவிக் குணம் கண்டு, கிராம்பைப் புகையிலையோடு சேர்த்துச் சுருட்டிப் புகைக்கத் தொடங்கினார் என்றும், அது முதலில் மருந்தாகவே விற்கப்பட்டது என்றும் அந்நகர மக்கள் சொல்லிவருகிறார்கள். அதுவே இன்று கோடிக்கணக்கானோர் புகைக்கும் கிரெட்டெக் சிகரெட்டாக வளர்ந்து நிற்கிறது. கிராம்பு சேர்ந்ததால் அதன் நிக்கோட்டினும் தாரும் குறைந்துவிடவில்லை.

பாக்கு வேண்டவே வேண்டாம். புகையிலை சேர்க்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. குட்கா, கைனி போன்றவையும் மின்சிகரெட்டும் சிங்கப்பூரில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. அவற்றுக்கு மாறுவது சிகிச்சை ஆகாது.

நாளுக்குப் பத்து சிகரெட் என்ற நிலையில் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை, இனிப்பு வில்லை ஆகியவை பலருக்கும் உதவுகின்றன. மெல்லும் பசை 1992 முதல் தடைசெய்யப்பட்ட இந்நாட்டில், 2004இல் மருத்துவப் பயனுள்ள பசைக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. மருந்துக்கடையில் மருந்தாளரிடம் கேட்டால் எந்த வலிமையில் தொடங்குவது என்று சொல்வார். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் புகைவிடும் உதவி எண் 1800 438 2000.

கேள்வி: அன்புள்ள அம்மா, என் மகன் குடிக்கிறான். சிகிச்சை என்று சொன்னாலே எழுந்து போய்விடுகிறான். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மசாலாச் சரக்குகளால் ஆன மூலிகைப் பொடி என்று சொல்லி, அவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும்படி ஒரு பொட்டலம் தந்திருக்கிறார். வாசனை மல்லிப்பொடி போல இருக்கிறது. கொடுக்கலாமா?
— ஒரு தாய், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. பொட்டலத்தை எறியாமல், பிரிக்காமல் வைத்திருங்கள்; யாராவது ஏற்கெனவே சாப்பிட்டு உடல்நலம் கெட்டால் மருத்துவரிடம் காட்ட அது வேண்டும்.

இத்தகைய பொடிகளில் உண்மையிலேயே மல்லியும் சீரகமும் மட்டுமே இருந்தால் அவற்றால் குடி நிற்காது. குடித்தவுடன் முகம் சிவந்து வாந்தி வருகிறது என்றால், அதில் மூலிகை அல்லாத வேறொன்று சேர்ந்திருக்கக்கூடும். டைசல்ஃபிராம் என்னும் மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது. அதன் கதை நம் முன்னோர் உழைத்த ரப்பரோடு தொடர்புடையது. ரப்பரைப் பதப்படுத்தப் பயன்பட்ட அந்த வகை இரசாயனங்களோடு வேலை செய்த தொழிலாளர்கள் மது அருந்தினால் உடல் தாங்காமல் துன்பப்படுவதை 1937இல் அமெரிக்க ஆலை மருத்துவர் ஒருவர் கவனித்து எழுதினார். 1948இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஹால்டும் எரிக் யாகோப்சனும் அதைக் குடிநோய்க்கான மருந்தாக அறிவித்தார்கள். மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் மேலும் சிதைவதை அது தடுக்கிறது. அதனால் மது அருந்திய சில நிமிடங்களில் முகம் சிவந்து, தலை தெறித்து, வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வருகின்றன. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை இந்த விளைவு நீடிக்கலாம். ஆகையால் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, இதயத்தையும் கல்லீரலையும் சோதித்து, அவர் சம்மதத்தோடுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. தெரியாமல் கொடுக்கப்பட்டவருக்குத் தாம் ஏன் இப்படித் துடிக்கிறோம் என்பதே தெரியாது. அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

மகன் எழுந்து போய்விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாய் கொடுக்கும் சோற்றில் என்ன கலந்திருக்குமோ என்ற ஐயம் அவருக்கு ஒருமுறை வந்துவிட்டால், பிறகு அவர் வீட்டில் உட்காரவே மாட்டார். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் உதவி பெறலாம். முதல் பதிலில் குறிப்பிட்ட 6732 6837 என்ற எண்ணில் குடும்பத்தினரும் பேசலாம். எந்த நேரத்தில், எந்த மாதிரிச் சொற்களில் அவரிடம் பேச்சைத் தொடங்குவது என்பதை அங்குள்ளவர்கள் உங்களோடு சேர்ந்து யோசிப்பார்கள். குடித்திருக்கும்போது இதைப் பற்றிப் பேச்செடுக்காமல், மறுநாள் காலை அவர் தெளிவாகவும் வெட்கத்தோடும் இருக்கும் நேரத்தில் குற்றம் சாட்டாமல் பேசிப் பாருங்கள். அந்த வேளையில் உங்கள் பயத்தை மட்டும் சொன்னால், அவர் எழுந்து போகாமல் கேட்கவும் கூடும்.

கேள்வி: நானும் நண்பரும் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறோம், ஊழியர் தங்குவிடுதியில் இருக்கிறோம். நண்பர் மூன்று வாரமாகக் குடிப்பதில்லை. தூக்கம் வராததால் இரவில் சாதிக்காயை அரைத்துப் பாலில் கலந்து குடிக்கிறார். முதலில் ஒரு சிட்டிகை என்று இருந்தது, இப்போது முழுக் காயையே அரைக்கிறார். இது சரியா?
— ஒரு வாசகர், துவாஸ்

பதில்: சரியல்ல. ஒரு சிட்டிகை சாதிக்காய்ப் பொடி சமையல் அளவு. அதில் கெடுதல் இல்லை. முழுக் காய் ஒன்றின் எடை பெரும்பாலும் 5 கிராம் அல்லது அதற்கு மேல் இருக்கும். அந்த அளவில் அதிலுள்ள மிரிஸ்டிசின் நஞ்சாகி, நெஞ்சு படபடத்து, வாய் வறண்டு, மனம் குழம்பி, இல்லாதவை தோன்றக்கூடும். விளைவு உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தே தொடங்குவதால், போதவில்லை என்று எண்ணி மேலும் அரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. மறுநாள் உயரத்தில் ஏறி வேலை செய்பவருக்கு இது எத்தனை ஆபத்து என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

குடியை விட்ட பின் தூக்கம் சீராகப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அது இயல்பானது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும். பிற்பகலுக்குப் பின் தேநீர், காப்பி வேண்டாம். அறையில் விளக்கு அணையும் நேரத்துக்கே படுக்கச் சொல்லுங்கள். தங்குவிடுதி ஊழியர்களுக்கு 2022 முதல் நடப்பில் உள்ள அடிப்படை மருத்துவப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ் உங்கள் வட்டார மருத்துவ நிலையத்தில் அவர் மருத்துவரைப் பார்க்கலாம். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்செர்வ் அமைப்பிலும் ஆலோசனை கிடைக்கும். சாதிக்காயை இன்றிரவே நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று வாரம் குடிக்காமல் இருந்திருக்கிறார் என்பதை மருத்துவரிடம் அவரே முதலில் சொல்லட்டும். முடிந்தால் அன்று நீங்களும் கூடப் போங்கள்.